வலித்தால் வெளியே வருகிறது என்று அர்த்தம்

கண்ணாடிக்காரரின் வீட்டுச் சமையலறை ஜன்னலில் கண்ணாடி கிடையாது. சட்டத்தில் ஓர் அட்டை செருகியிருக்கும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பந்து பட்டு உடைந்தது அது. அவள் படிப்பை முடித்து, பயண டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அட்டைதான். மழையில் ஊறி நைந்துபோனால் வேறு அட்டை வரும். கண்ணாடி வராது.

"ஊர்ல இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி போடுறீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் சோப்புப் பெட்டி அட்டையா?" என்பாள் மனைவி.

"அளவெடுத்து வச்சிருக்கேன்."

"எந்த வருஷம் எடுத்தது?"

"எடுத்தா என்ன, சட்டம் வளரவா போகுது?"

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் வெளிச்சம் கொட்டிக் கிடக்கும். சுவர் நெடுக நிலைக்கண்ணாடிகள் சாய்த்து வைத்திருப்பதால் தெருவில் ஒரு சைக்கிள் போனால் கடைக்குள் ஒரு பட்டாளமே சைக்கிளில் போகும். திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் கதை வேறு. படுக்கிற அறைக்கு வெளிச்சம் வர சமையலறை ஜன்னலை விட்டால் வழியில்லை. அதனால் பகலிலேயே குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிவார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கண்ணாடிக்காரர் ஒடிசலான ஆள். ஆனாலும் ஆளுயரக் கண்ணாடியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேறுவார். தோல் உறை போட்ட உள்ளங்கைகளில் விளிம்பைத் தாங்கி, உடம்போடு சாய்த்து, மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடப்பார். "கை சும்மா பிடிச்சுக்குது. தூக்குறதெல்லாம் வயிறுதான்" என்பது அவர் கணக்கு. தன் கைகளைப் பற்றி அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வயிற்றைப் பற்றித்தான் பெருமை.

கையில் சில்லு ஏறாத நாள் அந்தத் தொழிலில் இல்லை. கண்ணுக்கே தெரியாத கண்ணாடிச் சில்லு, தோலுக்கடியில் எங்கேயோ இருந்துகொண்டு சுருக்கென்று குத்தும். அதை ஊசி வைத்துக் கிண்டக் கூடாது என்பார். "கிண்டினா இன்னும் உள்ள போகும். சும்மா விடு, அதுவா வரும். வலிக்குதா? வலிச்சா வெளிய வருதுன்னு அர்த்தம்." கல்யாணமான புதிதில் மனைவியின் குதிகாலில் சில்லு ஏறி, அவள் நொண்டிக்கொண்டு அழுதபோதும் இதையேதான் சொன்னார். என்ன கல் நெஞ்சு இந்த மனுஷனுக்கு என்று அவள் நினைத்தாள். ஒரு வாரம் கழித்துக் குளிக்கும்போது தேய்த்த விரலோடு சில்லு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தைக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

வயிற்றுவலி முதலில் வந்தது பொரித்த மீன் சாப்பிட்ட ஒரு மத்தியானத்தில். மீனின் மேல் பழியைப் போட்டார்கள். அடுத்த தடவை முட்டையின் மேல். அதற்கடுத்த தடவை பழி போட எதுவும் இல்லை; வெறும் ரொட்டியும் பாலும்தான் சாப்பிட்டிருந்தார். வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிழிவதுபோல் ஆரம்பித்து, முதுகைச் சுற்றிக்கொண்டு தோள்பட்டை வரை ஏறும். வேர்த்துக் கொட்டும். பிறகு வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

எதிர்க்கடை சலூன்காரர் ஒரு நாள் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ன அண்ணே, வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? விசேஷமா?"

"ஆமா. பொறந்ததும் முடி வெட்ட உன்கிட்டதான் தூக்கிட்டு வரணும்."

"உங்க புள்ளையா? வர்றப்பவே அளவு நாடாவோட வரும்."

சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பையில் கல். கோலிக்குண்டு அளவில் ஒரே ஒரு கல்.

ஆபரேஷன் டாக்டர் அதிகம் பேசவில்லை. கல்லைப் பையோடு எடுத்துவிடலாம் என்றார். விலாவுக்குக் கீழே எவ்வளவு நீளத்துக்குக் கிழிப்பார்கள் என்பதைத் தன் சட்டையின் மேலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டினார். கண்ணாடியின் மேல் கட்டர் வைத்து இழுப்பதுபோலவே இருந்தது கண்ணாடிக்காரருக்கு.

"அப்புறம் கனம் தூக்கலாமா டாக்டர்?"

"கொஞ்ச மாசம் ஆகட்டும். அதுக்கப்புறமும் பார்த்துதான் தூக்கணும்."

வீடு வரும் வழியெல்லாம் அவருக்கு இரண்டு கவலை. கனம் தூக்குவது ஒரு கவலை. அதைவிடப் பழைய கவலை ஒன்று இருந்தது. அவருடைய அண்ணன் சாதாரணக் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவர். உள்ளே போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்து, "வந்து வாங்கிக்கிறேன்" என்றார். மயக்கம் கொடுத்தார்கள். அது தெளியவே இல்லை. கடிகாரம் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. யாரும் கட்டிக்கொள்வதில்லை, தூக்கிப் போடுவதும் இல்லை.

மெஷினைப் பற்றிய சேதியைக் கொண்டுவந்தது மகள். அவள் அலுவலகத்தில் டிக்கெட் எடுக்க வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கிறதாம்.

"கத்தியே கிடையாதுப்பா. மயக்கம்கூட வேண்டாமாம். வெளியில இருந்தே அதிர்வலை அனுப்பி உள்ள இருக்கிற கல்லை உடைச்சிடுவாங்க."

"உடைச்சிட்டு?" என்றாள் அம்மா.

"துண்டெல்லாம் தானா போயிடும்."

"எங்க போகும்?"

"போற வழியில போகும்மா. எல்லாத்துக்கும் குறுக்குக் கேள்வி கேக்காத."

"கேக்காம? முழுக் கண்ணாடி யாரையும் கிழிச்சு நான் பாத்ததில்ல. உடைஞ்சதுதான் கிழிக்கும். இந்தக் கடையக் கூட்டிப் பெருக்குறவ நான். எனக்குத் தெரியாதா?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "பையோட எடுத்துப் போட்டா விட்டது தொல்லை. முழுசா வெளிய வரட்டுங்க."

"இது கண்ணாடி இல்ல."

"பின்ன பஞ்சா?"

அவர் கட்டரைத் துடைத்து வைத்தார்.

"எங்க அண்ணனும் முழுசாத்தான் உள்ள போனாரு" என்றார்.

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மா பொறுமையானவர். உட்காரவைத்து விவரமாகச் சொன்னார். எல்லோருக்கும் இது சரிப்படாது. இவருக்கு ஒரே கல், சுண்ணாம்பு படியாத கல், பையும் நன்றாகச் சுருங்குகிறது, அதனால் செய்யலாம். ஆனால் பை உள்ளேயேதான் இருக்கும். மறுபடி கல் வராது என்று உத்தரவாதம் கிடையாது. உடைத்த தூள் கரைவதற்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும்.

"கரையாத துண்டுங்க குழாய் வழியா குடலுக்கு இறங்கும். இறங்குறப்போ சில பேருக்கு வலி வரும். வந்துட்டு நின்னுடும். நிக்காம இருந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, கண்ணு மஞ்சளானாலோ, ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்கக் கூடாது. நேரா இங்க வந்துடணும்."

கண்ணாடிக்காரரின் முகம் தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததிலிருந்து அவருக்குப் புரிந்த முதல் விஷயம் இதுதான்.

"துண்டு வெளிய வர்றப்போ வலிக்கும். சில்லு மாதிரி."

அவர் எந்தச் சில்லைச் சொல்கிறார் என்பது டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்? "அப்படித்தான்னு வச்சுக்கோங்களேன்" என்று சிரித்தார்.

மனைவியும் பக்கத்தில்தான் இருந்தாள். காய்ச்சல், மஞ்சள் எல்லாம் அவள் காதிலும் விழுந்தது. ஆனாலும் சில்லு என்ற வார்த்தையைக் கேட்டதும், கணவர் அவ்வளவு நாளுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும், அவளுக்கும் மனம் லேசானது. தன் குதிகாலை நினைத்துக்கொண்டாள்.

மெஷினில் அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். வயிற்றுக்கடியில் தண்ணீர் நிரப்பிய மெத்தைபோல ஒன்று வந்து அழுந்தியது. டக், டக் என்று சத்தம். ஒவ்வொரு டக்குக்கும் உள்ளே ஒரு சுண்டு. "வாத்தியார் காதுல சுண்டுவாரே, அந்த மாதிரி. காதுல இல்ல, கல்லீரல்ல" என்று பிறகு சலூன்காரரிடம் விவரித்தார். ஸ்கேனில் கோலிக்குண்டு போய் மணல்போலவும் சில சிறு துண்டுகளாகவும் தெரிந்தது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பில் ஒரு சிவப்புத் தடம், அவ்வளவுதான்.

"கத்தியும் இல்ல, ரத்தமும் இல்ல. அநியாயத்துக்கு நல்லா இருக்கீங்களே அண்ணே" என்றார் சலூன்காரர்.

கடைக்கு வந்து வேலையைத் தொடங்கிய சில நாளில் முதல் வலி வந்தது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி ஓடிவந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டே கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். சற்றுப் பொறுத்து வலி விட்டது.

"ஒண்ணு கிளம்பிடுச்சு" என்றார், ஜெயித்தவர்போல.

அதன் பிறகு அந்த வீட்டில் வலி வந்தால் சந்தோஷம் என்றாகிவிட்டது. பித்தப்பையைக் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர்களாகத் துண்டுகளை வைத்து மகள் ஒரு கதையே கட்டினாள். வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு யாராவது வீட்டைக் காலி பண்ணாங்களா?" என்பாள். "சாயங்காலம் ஒருத்தன் போனான். போறப்போ கதவை உதைச்சுட்டுப் போனான்" என்பார். வலி வராத வாரம் வந்தால்தான் மூன்று பேருக்கும் கவலை. ஒரு தடவை மனைவியே, "ரொம்ப நாளா ஒண்ணும் காணோமே" என்று கேட்டுவிட்டு, கேட்டது என்னவென்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விடாமல் கொடுத்துவந்தாள்.

சலூனுக்குப் புதுக் கண்ணாடி போடும் வேலை அப்போதுதான் வந்தது. பழையதைக் கழற்றி இறக்கிவிட்டுப் புதியதைச் சுவருக்குத் தூக்கும்போது வலி பிடித்தது. முன்பு வந்ததுபோல இல்லை. ஆனாலும் கண்ணாடியை விடவில்லை. அங்குலம் அங்குலமாக இறக்கி, கீழே சாக்கு இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்து, சாய்த்து வைத்துவிட்டுத்தான் தரையில் சுருண்டார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து உள்ளறையில் படுக்கவைத்தார்கள். மகள் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தாள். வலி அன்று விடவில்லை. மறுநாளும் விடவில்லை. வாந்தி எடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க."

"பெரிய துண்டு. பெருசு வர நேரமாகும்ல?"

"நிக்காம இருந்தா வரச் சொன்னாங்களே."

"நிக்கும். போனா அறுத்துடுவாங்க. இவ்வளவு தூரம் தாண்டி வந்துட்டு கடைசித் துண்டுக்காகக் கத்தில படுக்கணுமா?" அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதுன்னா வெளிய வருதுன்னுதானே அர்த்தம். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரிந்ததுதான் வினையாகப் போனது. பிடிவாதத்துக்கு அடங்கி அவள் சும்மா இருந்துவிடவில்லை. அவளும் நம்பினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. பல்பு வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தாள், எப்போதும்போல்தான் இருந்தது. வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் வலி சற்றுத் தணிந்ததுபோல் இருந்தது. சலூன்காரர் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்.

"அண்ணே, கண்ணாடி இல்லாமலே முடி வெட்டிக்கிட்டு இருக்கேன். எல்லாரும் பிரமாதம்னு சொல்றாங்க. வீட்டுக்குப் போய்ப் பாத்தாதானே வண்டவாளம் தெரியும். எப்ப வர்றீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரையை விலக்கிக் கடைக்குள் வந்தார். காலை வெயில் கடை முழுக்க நின்றது. சலூன்காரர் பேச வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா?"

"அண்ணே... உங்க கண்ணு."

கண்ணாடிக்காரர் திரும்பினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. எல்லாவற்றிலும் ஒரே ஆள், கண்ணின் வெள்ளை போய் மஞ்சளாக, முகமும் கழுத்தும் மஞ்சளாக, அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் வழக்கமான நிறத்தில் இருந்தாள்.

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள் யாரிடமோ. "கண்ணைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

கடைசித் துண்டு குழாயின் முனையில், கணையத்தின் நீரும் வந்து சேருகிற இடத்தில், சிக்கிக்கொண்டிருந்தது. கணையம் வீங்கிப் புண்ணாகியிருந்தது. மூக்கில் குழாய், கையில் குழாய், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பிழைத்தால் அதிர்ஷ்டம் என்ற நிலையில் வாரக்கணக்கில் கிடந்தார். டாக்டரம்மா வந்து கட்டிலோரம் நின்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"வலி நிக்கலன்னா வரணும்னு சொல்லியிருந்தேனே."

"சொன்னீங்க டாக்டர்" என்றார்.

வெளியூரிலிருந்து ஓடிவந்த மகள் வராந்தாவில் உட்கார்ந்து, "நான்தான் அந்த மெஷினைப் பத்திச் சொன்னேன்" என்று அழுதாள்.

"சும்மா இரு" என்றாள் அம்மா. "ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக்க இது என்ன சொத்தா?"

வீக்கம் வடிந்த பிறகு ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் இன்னொரு தடவை வரும். இன்னொரு தடவை தாங்காது. அவர் தலையசைத்தார். ஆபரேஷன் அன்று காலை மோதிரம், பெல்ட், செருப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, யாரிடமாவது கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு அவர் கையில் ஒன்றும் இல்லை.

மயக்கம் தெளிந்தது. அந்தப் பழைய பயம் இருபது வருஷமாக வீணாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் உடம்பு ஏற்கெனவே உருக்குலைந்திருந்ததால் வெட்டின புண் சுலபத்தில் ஆறவில்லை. சீழ் பிடித்து, ஆறி, தையல் போட்ட இடம் பலமில்லாமல் நின்றது. நிமிர்ந்து நின்றால் விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். கணையம் கெட்டதால் சர்க்கரையும் வந்து சேர்ந்தது, தினமும் ஊசி. தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கண்ணாடியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

பெரிய கண்ணாடிகளை வேறு கடைக்காரர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவருடைய ஆட்கள் தூக்கியபோது இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் விளிம்பை அஜாக்கிரதையாகப் பிடித்தான். இவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். சலூன்காரரின் சுவரிலும் அந்தக் கடைக்காரர்தான் கண்ணாடி மாட்டினார்.

இப்போது படச்சட்டத்துக்கான சிறு கண்ணாடிகள் மட்டும்தான். வெட்டுவது மனைவி. கம்பளி விரித்த மேஜையில் கண்ணாடியை வைத்து, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை அழுத்தி ஒரே இழுப்பு இழுப்பாள். இவர் நாற்காலியிலிருந்தே காதைக் கொடுத்துக் கேட்பார். "சத்தம் விட்டுப்போச்சு. அந்த இடத்துல கோணலா உடையும்" என்பார். அப்படியே உடையும். முன்பென்றால் அதற்கு ஒரு கேலி செய்திருப்பார். இப்போது சொல்வதோடு சரி. சலூன்காரர் வாசலிலிருந்து வலிய ஏதாவது வம்பு இழுத்தாலும், "ம்" என்பதோடு நின்றுவிடும்.

ஒரு நாள் மத்தியானம் அவள் சமையலறை அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து, மேஜை முன் நின்றாள்.

"அளவு சொல்லுங்க."

எந்த அளவு என்று அவர் கேட்கவில்லை. நாடாவையும் எடுக்கவில்லை. நீளமும் அகலமும் சொன்னார்.

அவள் வெட்டினாள். இழுப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. மேஜை விளிம்பில் வைத்து ஒடித்தபோது முனையில் கொஞ்சம் நொறுங்கி, ஒரு சில்லு கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று ஏறியது. "ஸ்" என்றாள். அவ்வளவுதான். கண்ணாடியை உள்ளே எடுத்துப் போய்ச் சட்டத்தில் பொருத்தி, நாலு பக்கமும் ஆணி தட்டினாள். சரியாக உட்கார்ந்தது. அறைக்குள் வெளிச்சம் வந்து, பல்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது.

அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"கையக் காட்டு."

"ஒண்ணும் இல்ல. சில்லு. தானா வரும்."

"அப்படிச் சொல்லாத." குரல் உயர்ந்தது. "காட்டுன்னா காட்டு."

அவள் கையைப் பிடித்துப் புது ஜன்னலுக்கு நேரே இழுத்தார். தையல் ஊசி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். வாழ்நாளெல்லாம் கிண்டாதே என்று சொன்ன மனிதர், குனிந்து கிண்டத் தொடங்கினார். சில்லு தெரிந்தும் தெரியாமலும் நழுவிக்கொண்டே போனது. ரத்தம் கசிந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தாள்.

"வா, டாக்டர்கிட்ட போயிடலாம்."

"இதுக்கா?"

"போலாம். இப்பவே போலாம். நிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்க வேணாம்." நெற்றியில் வேர்த்திருந்தது. ஒரு கையால் தன் விலாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் செருப்பைத் தேடினார்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு, கட்டைவிரலைத் துணியில் அழுத்தித் துடைத்தாள்.

"வந்துடுச்சுங்க."

"எங்க?"

"இதோ, துடைச்சதுல கீழ விழுந்துடுச்சு. நகருங்க, பெருக்கணும். காலுல ஏறப் போகுது."

அவர் நகர்ந்து சுவரோரம் நின்றார். குனிய முடியாததால் நின்றபடியே, புது வெளிச்சத்தில் பளபளக்கும் தரையில் அதைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு தடவை கட்டைவிரல் சுருக்கென்றதும் நின்று, துடைப்பத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.